கோள் சொல்லும் பனியன்

பத்து நிமிடத்தில் இருபத்து நான்கு ரெய்டு. ஒருத்தியும் ஒருத்தியைத் தொடவில்லை, ஒருத்தியும் பிடிபடவில்லை. ஆனாலும் பலகையில் காங்கேயம் பன்னிரண்டு, தாராபுரம் பன்னிரண்டு. இப்படி ஒரு கபடி ஆட்டத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்த எண்ணூறு பேரும் என்னைத்தான் தேடினார்கள். நான் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் சரிபார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூத்துக்குக் காரணம் நான்தான். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மஞ்சுளாதேவி. ஊர் திருப்பூர். ஊரே பனியன் தைத்துக்கொண்டிருக்க, நான் பனியனுக்கு உள்பக்கம் ஒட்டுகிற ஓர் ஏட்டைத் தயாரிக்கிறேன். நான்கு பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறை. ஏடு என்றால் பால் ஏட்டைவிட மெல்லிசு. அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டால், மூச்சு எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது, யார் எங்கே தொட்டார்கள் என்று எல்லாவற்றையும் கணினிக்குச் சொல்லிவிடும். மருத்துவமனைகளுக்கு விற்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆறு வருடமாக ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், காபி கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் வட்டாரக் கபடிக் கழகத்தின் செயலாளர் கந்தப்பன் பட்டறைக்கு வந்தார். 2041 தை மாதம். அதற்கு முந்தைய வருடத்து இறுதிப் போட்டியில் ஏற்பட்ட தகராறு அப்போதும் தீரவில்லை.

தகராறு இதுதான். பெண்கள் இறுதி ஆட்டம், கடைசி ரெய்டு. காங்கேயம் ஒரு புள்ளி பின்னால். காங்கேயத்துச் சௌடேஸ்வரி பாடிக்கொண்டு போனாள். எண்ணெய் மில்லில் வேலை செய்கிற பெண், கால் மட்டும் மின்னல். எதிரணியில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டாள். திரும்பி வருகிறாள், நடுக்கோட்டுக்கு மூன்றடிதான் பாக்கி. நடுவர் தெய்வானை விசில் ஊதிவிட்டார். பாட்டு அறுந்தது, மூச்சு வாங்கிவிட்டாய், அவுட். கோப்பை தாராபுரத்துக்குப் போயிற்று.

கபடியில் பாடிப் போகிறவள் ‘கபடி கபடி’ என்பதை ஒரே மூச்சில் பாட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சௌடேஸ்வரி வாங்கவே இல்லை என்று காங்கேயம் சத்தியம் செய்தது. தெய்வானை வாழ்க்கைப்பட்ட ஊர் தாராபுரம் என்பதால், அவர் புகுந்த ஊருக்குச் சாய்ந்துவிட்டார் என்று மனுமேல் மனு. சமீபத்தில் மற்ற ஆட்டங்களிலும் அவர் சட்டென்று விசில் ஊதுகிறார் என்று இன்னும் நான்கு அணிகள் சேர்ந்துகொண்டன.

“மனுசங்களை நம்ப முடியலீங்க. மெசினே சொல்லட்டும்” என்றார் கந்தப்பன். “வெள்ளோட்டம் ஒண்ணு பார்ப்போம். நல்லா வந்துதுன்னா எல்லா டீமுக்கும் உங்க பனியன்தான். அந்தம்மாளை நடுவர் பட்டியல்ல இருந்து எடுத்துப்போடலாம்.”

ஆறு வருடம் காபி குடித்தே வயிறு புண்ணானவளிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வாள்? உடனே சரி என்றுவிட்டேன். அந்தம்மாள் யார், எப்படிப்பட்டவர் என்றுகூடக் கேட்கவில்லை.

மறுவாரமே அந்தம்மாள் நேரில் வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. வார நாளில் தாராபுரம்–திருப்பூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமை நடுவர். இரண்டுக்கும் ஒரே விசில்தான், கழுத்தில் தொங்கியது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“என்னை வூட்டுக்கு அனுப்பற மெசினு இதுதானா அம்மிணி?” என்று கேட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எப்படி ஓடுதுன்னு காட்டு, பார்ப்போம்.”

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஊசி. ஊசிமுனையில் பசைபோல ஒரு சொட்டு. எதிரே சுழல்கிற உருளை.

“இடியாப்பம் புழியறோம்ல, அது மாதிரிதானுங்க்கா. இடியாப்பத்தை நாம மேல இருந்து அமுக்கறோம். இங்க யாரும் அமுக்கறதில்லை. அந்த உருளைக்கும் ஊசிக்கும் நடுவுல இருபதாயிரம் வோல்ட். அந்தக் கரண்டு கூழை இழுக்குது. இழுக்க இழுக்க மெலிஞ்சு, ஒரு தலைமுடியை நீளமா இருநூறாக் கிழிச்சா எவ்வளவு இருக்குமோ அவ்வளவு சன்னமா நூலு வருது.”

“கண்ணுக்குத் தெரியலையே.”

“ஒத்த நூல் தெரியாதுங்க. லட்சக்கணக்குல படிஞ்சாத்தான் இந்த ஏடு. இதுக்கு ஒரு குணம் இருக்குது. அமுக்கினாலோ இழுத்தாலோ இதுலயே துளி கரண்டு பொறக்கும். நெஞ்சு விரிஞ்சா ஏடும் இழுபடும். அந்தத் துளி கரண்டை வெச்சு மூச்சு வாங்கினதைக் கண்டுபிடிச்சிரலாம்.”

தெய்வானை அக்கா குனிந்து உருளையைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு, “நெம்ப நல்லா இருக்குது கண்ணு. ஆனா இது கோள் சொல்லி” என்றார். “எல்லாத்தையும் சொன்னா வூடு உருப்படாது.”

பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது வேறு விஷயம்.

வெள்ளோட்டத்துக்குக் காங்கேயம் மைதானத்தில் மாலை நான்கு மணிக்கே கூட்டம் கூடிவிட்டது. பதினான்கு பெண்களும் ஏடு வைத்த பனியன் போட்டிருந்தார்கள். என் மேசைமேல் ஒரு சிவப்பு விளக்கு. மூச்சு உள்ளே போனால் எரியும், கூடவே ஒரு மணி.

முதல் ரெய்டு தாராபுரம். “கபடி கபடி கபடி” என்று போனவளுக்கு ஏழாவது நொடியில் மணி அடித்தது. அவுட். அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அடுத்து காங்கேயம். ஒன்பதாவது நொடி. அவுட். ஒருத்தி அவுட்டானால் எதிரணிக்கு ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்கு எதிரணியில் ஏற்கெனவே வெளியே போனவள் உள்ளே வரலாம். ஆகவே ஒருத்தி போக, ஒருத்தி வர, புள்ளி மட்டும் மாறி மாறி ஏறிக்கொண்டே போனது. களத்தில் நின்றவர்கள் சும்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

ஐந்தாவது ரெய்டு வரை கூட்டம் சிரித்தது. பத்தாவதில், “இது என்ன கபடியா, இல்லை ஆஸ்பத்திரியா?” என்று ஒருவர் கத்தினார். பதினைந்தாவதில் யாரோ மணியைப் பிடுங்க வந்தார்கள். அப்புறம்தான் நான் மேசைக்கு அடியில் போனது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்த உண்மை இது. கபடியில் எல்லாரும் திருட்டு மூச்சு வாங்குகிறார்கள். ‘க’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில், நெஞ்சு அசைவது கண்ணுக்குத் தெரியாமல், நூல் அளவுக்கு. நல்லவள் கெட்டவள் வித்தியாசமே கிடையாது. சட்டப் புத்தகத்தை அப்படியே நம்பிய ஒரே ஆள் என் பனியன்தான்.

கந்தப்பன் வியர்த்துப்போய் வந்தார். “கொஞ்சம் குறைச்சு வைங்களேன்.”

“எவ்வளவு குறைக்கோணும் சார்? எத்தனை திருட்டு மூச்சு வரைக்கும் பரவால்லைன்னு சொல்லுங்க, வெச்சுடறேன்.”

சட்டத்தில் இருப்பது பூஜ்யம். அதற்கு மேல் ஓர் எண்ணைச் சொல்ல கழகத்தில் யாருக்கும் தைரியம் இல்லை. எண் தெரிந்த ஒரே ஆள் மைதானத்தின் ஓரத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க எப்படித்தான் முடிவு பண்றீங்க?” என்று போய்க் கேட்டேன்.

“அது தெரியும் கண்ணு.”

“எதைப் பார்ப்பீங்க? வயித்தையா, வாயையா?”

“எதையும் தனியாப் பார்க்கறதில்லை. போதும்னு ஒண்ணு தோணும். ஊதிப்போடுவேன்.”

இதை வைத்துக்கொண்டு எந்தக் கணினிக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஏன், நடுவருக்கும் ஓர் ஏட்டை ஒட்டினால் என்ன? அவருக்குப் ‘போதும்’ என்று தோன்றுகிற நேரத்தில் அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாமே. கேட்டதும் சிரித்தார். “ஒட்டிக்க அம்மிணி. எனக்கே தெரியாததை அது சொன்னாச் சரி” என்றார். நான்கு ஞாயிற்றுக்கிழமை, நான்கு ஆட்டம் பதிவு செய்தேன்.

பதிவை விரித்துப் பார்த்தபோது முதலில் ஏடு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு ரெய்டு தொடங்கும்போதும் தெய்வானை அக்கா ஒருமுறை ஆழமாக மூச்சு இழுத்திருக்கிறார். பிறகு உள்ளே போவதே இல்லை. மெல்ல மெல்ல வெளியே மட்டும் வந்துகொண்டிருக்கிறது, சின்னச் சின்னத் துடிப்போடு. துடிப்பை எண்ணினேன். நொடிக்கு மூன்று. அவரும் பாடிக்கொண்டிருந்தார். உதட்டுக்குள், சத்தமில்லாமல், ரெய்டு போகிறவளோடு சேர்ந்து ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில். தன் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே விசில்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கருவி செய்கிறவளுக்கு இது புரியும். இத்தனை வருடமாக அந்த மைதானத்தில் உண்மையாக ஒரு மூச்சில் பாடியவர் அவர் ஒருவர்தான். அந்த மூச்சைத்தான் எல்லாருக்கும் அளவுகோலாகக் கொடுத்திருக்கிறார்.

அடுத்து அந்த மூச்சையும் அளந்து பார்த்தேன். அளவுகோலின் நீளம் பத்தொன்பது நொடி. நான்கு வாரத்தில் அதுவும் பதினெட்டாகி இருந்தது.

தெய்வானை அக்கா ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ரெய்டு போனவர் என்று கந்தப்பன் சொல்லியிருந்தார். ஒரே மூச்சில் முப்பத்து நான்கு நொடி பாடுவாராம். ஒரு ரெய்டுக்கே முப்பது நொடிதான் நேரம். ஆகவே பல வருடம் அவர் யாருக்கும் அநியாயமாக ஊத வேண்டியே வரவில்லை. தாராளமான நடுவர் என்று பெயர். மூச்சு சுருங்கச் சுருங்க விசில் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. அவர் எந்த ஊருக்கும் சாயவில்லை. சௌடேஸ்வரியின் மூச்சும் அன்றைக்கு அறுந்திருக்க வேண்டியதில்லை.

இதைக் கந்தப்பனிடம் கொடுத்தால் அன்றே அக்காவின் விசில் போய்விடும், என் பனியன் வந்துவிடும். கொடுக்காவிட்டால் சாய்ந்தவர் என்ற பழி அவர் தலையிலேயே நிற்கும். புதன்கிழமை மதியம் அவருடைய பஸ்ஸிலேயே போய் ஏறினேன்.

மின்சார பஸ். ஜன்னல் திறக்க முடியாத குளுகுளு வண்டி. அந்த நேரத்தில் ஆறேழு பேர்தான் இருந்தார்கள். பின் சீட்டில் உட்காரவைத்து, செல்போனில் கோடுகளைக் காட்டி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நான் முடித்ததும் அக்கா, “உன்ற போன்ல நேரம் பாரு” என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து வாய்விட்டே பாட ஆரம்பித்தார். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

“எத்தனை?”

“பதினேழுங்க்கா.”

அடுத்த இரண்டு நிறுத்தத்தில் ஏறினவர்களுக்கு டிக்கெட்கூடக் கொடுக்கவில்லை.

“நான் பாடறேன்னு எனக்கே தெரியாது அம்மிணி” என்றார் பிறகு. “அப்ப அந்தப் புள்ளை சொன்னது நெசந்தான். ஒரு வருசமா அவளைப் பார்க்கறப்பல்லாம், பொய் சொல்றாளேன்னு மனசுக்குள்ள வைதுட்டு இருந்தேன்.”

“இதை வேற யாரும் பார்க்கலீங்க்கா. வேண்டாம்னா அழிச்சுடறேன்.”

“அழிச்சா என்ற மூச்சு நீண்டுருமா?” என்றார். குரலில் கோபம் இல்லை. “முதல்ல ஒரு டாக்டரைச் சொல்லு. அப்புறம் கந்தப்பனைக் கூப்பிடு.”

டாக்டர் பார்த்தார். நெஞ்சில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் மூச்சு திரும்பியிருக்காது என்றார். காரணம் அந்தக் குளுகுளு வண்டி. காற்று வடிகட்டியை மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். அதில் பூத்த பூஞ்சையை அக்கா நாள் முழுக்கச் சுவாசித்திருக்கிறார். மருந்து உறிஞ்ச ஒரு குழாய் கொடுத்தார்கள். விசிலுக்குப் பக்கத்திலேயே அதையும் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பஸ் முதலாளி பயந்துபோய் வடிகட்டிகளை மாற்றினார், தன் ஆட்கள் எல்லாருக்கும் என் ஏட்டை ஒட்டச் சொன்னார். நாற்பது பேரில் பதினோரு பேருக்கு மூச்சு குறைந்திருந்தது. ஆறு வருடமாக மருத்துவமனை வாசலில் நின்ற என் ஏடு, கடைசியில் பஸ் ஏறித்தான் பிழைப்புத் தேடிக்கொண்டது.

ஆனால் அக்காவுக்கு அதெல்லாம் ஆறுதலாக இல்லை. சித்திரையில் அடுத்த போட்டி தொடங்கிய மாலை, யாரையும் கேட்காமல் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வருசம் கடைசி ரெய்டுல அறுந்தது சௌடேஸ்வரி பாட்டு இல்லீங்க. என்ற மூச்சுங்க. அந்த அவுட்டு தப்பு. இதைச் சொல்லாம விசிலை வாயில வெக்க முடியலீங்க” என்றார். பிறகு விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

திட்டுவதற்கென்றே வந்திருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கந்தப்பன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நடுவர் தானே முன்வந்து தப்பை ஒத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

சௌடேஸ்வரிதான் முதலில் எழுந்தாள். வந்து அக்காவின் முன்னால் நின்றாள்.

“எனக்குக் கோப்பை வேண்டாமுங்க. அந்த ரெய்டைத் திருப்பிக் குடுங்க” என்றாள்.

தாராபுரம் கேப்டன் மரகதவல்லி களத்துக்குள் இறங்கி, முழங்காலில் மண்ணைத் தேய்த்துக்கொண்டாள். “வரச் சொல்லுங்க. அன்னைக்கும் புடிச்சிருப்போம், இன்னைக்கும் புடிப்போம்.”

சட்டத்தில் இல்லாத அந்த ஆட்டத்தை எல்லாரும் சேர்ந்து அங்கேயே ஏற்பாடு செய்தார்கள். அதே புள்ளி, களத்தில் அதே நான்கு பேர். கோப்பையைத் தாராபுரமே கொண்டுவந்து நடுவில் வைத்தது. விசில் யாரிடம் என்று கேள்வி வந்தபோது, “அக்காவே ஊதட்டுங்க” என்றாள் சௌடேஸ்வரி. கந்தப்பன் மட்டும் என் காதருகே வந்து, “எதுக்கும் நீங்க அவளுக்குப் பனியனைப் போட்டுப் பதிவு பண்ணிருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது” என்றார்.

சௌடேஸ்வரி நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். கபடி கபடி கபடி. இடது பக்கம் ஏமாற்றி வலது பக்கம் காலை வீசினாள். ஒருத்தி காலி. பின்னால் வந்தவளின் தோளைத் தட்டினாள். இரண்டு பேர். திரும்பினாள். நான் தெய்வானை அக்காவைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது, முகம் சிவந்துவிட்டது. பலகைக் கடிகாரம் இருபத்து மூன்று நொடியைத் தாண்டியபோது அவருடைய மூச்சு முடிந்துபோயிற்று. ஊரே பார்க்க வாயைத் திறந்து, ‘ஹா’ என்று ஒரு மூச்சு வாங்கினார். விசில் கையிலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

சௌடேஸ்வரி இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு மூன்றடி. அங்கேதான் மரகதவல்லி தரையோடு பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். சௌடேஸ்வரி குப்புற விழுந்து, கையை நீட்டி, மண்ணைப் பிறாண்டி இழுத்தாள். கோட்டுக்கு நான்கு விரற்கடை இருந்தபோது பாட்டு நின்றது. அக்கா ஊதினார். அவுட்.

கோப்பை மறுபடியும் தாராபுரத்துக்கே. அழுவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் மண்ணில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். அவள் காலை இன்னும் விடாமல் மரகதவல்லியும் சிரித்தாள்.

“இது சரிங்க்கா” என்றாள் சௌடேஸ்வரி, மூச்சு வாங்க வாங்க. “இது நானாத் தோத்ததுங்க.”

அக்கா அவளைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இருவர் கன்னத்திலும் மண்ணும் கண்ணீரும் அப்பியிருந்தன. அந்த வருடத்திலேயே எனக்கு மிகவும் சந்தோஷமான நேரம் அதுதான்.

கந்தப்பன் அவசரமாக என் மேசைக்கு வந்தார். “சொல்லுங்க, எத்தனை திருட்டு மூச்சு?”

திரையைப் பார்த்தேன். காலி. பதிவுப் பொத்தானை நான் அழுத்தவே இல்லை.

“என்ன ஆச்சு?”

“அவ கோட்டைத் தாண்டி உள்ள போனதும் நானும் கூடவே பாட ஆரம்பிச்சுட்டனுங்க சார். பொத்தான் ஞாபகமே வரலை.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா கழுத்துக் குழாயை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“எத்தனை நொடி பாடினே அம்மிணி?”

“எட்டு இருக்குமுங்க்கா.”

“நல்லவேளை” என்றார் தெய்வானை அக்கா. “நீ நடுவரா நின்னிருந்தா, அந்தப் புள்ளை ஒருத்தியைக்கூடத் தொட்டிருக்க மாட்டா.”